சூடேறாத ஷவர்

ஒரே ஒரு ஊரிலே என்று இந்தக் கதையைத் தொடங்க வழியில்லை. மங்கையம்மாவுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு வண்டி இருந்தது.

பழைய கேரவன் வண்டி. உள்ளே படுக்க ஒரு பலகை, ஒரு கேஸ் அடுப்பு, ஆள் நிமிர்ந்து நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு ஷவர் அறை. அதில்தான் ஊர் ஊராகப் போவார். மைதானத்திலோ மரத்தடியிலோ வண்டி நிற்கும். கேள்வி இருப்பவர்கள் தேடி வருவார்கள். பதில் கிடைத்தவர்களும் போவார்கள், கிடைக்காதவர்களும் போவார்கள்.

கூட இரண்டு பேர். வண்டி ஓட்டுவது சவரிமுத்து. சமையலும், வருகிறவர்களைக் கவனிப்பதும் ஏகாம்பரம். திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மகள் வயதுதான் இருக்கும் மங்கையம்மாவுக்கு. ஆனாலும் இவர்தான் என் குரு என்று பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டார்.

இரண்டு ஆண்களுக்கும் சேர்த்து வெளியே ஒரே கூடாரம். ஆனால் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பவானியில் ஒரு சாயங்காலம் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் கண்மூடி அமர்ந்திருந்தார். சவரிமுத்து பக்கத்தில் இருந்தவரிடம், "ஐயா தியானத்துல ரொம்ப ஆழமாப் போயிட்டாரு. குறட்டை வரைக்கும் போயிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மங்கையம்மாவும் சிரித்தார்.

ஏகாம்பரம் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சவரிமுத்துவிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

வண்டி வால்பாறைக்கு வந்தது. சுற்றிலும் தேயிலை. காலையில் எழுந்தால் வண்டியைப் பனி மூடியிருக்கும். அப்படி ஒரு காலையில் ஏகாம்பரம் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு மௌன விரதம் கொடுங்க."

"எதுக்கு?"

"பேச்சை விட்டா மனசு அடங்கும்னு தெரிஞ்சுக்கிட்டேன். பாதி விட்டும் விட்டுட்டேன்."

"எந்தப் பாதி?"

ஏகாம்பரம் வண்டியின் முன்பக்கம் பார்த்தார். அங்கே சவரிமுத்து தும்மிக்கொண்டே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னார். ஒரு சொல் வெளியே விட்டேனா? நீங்களே சொல்லுங்க."

"விடலை" என்றார் மங்கையம்மா.

"முழுசா விட்டுட்டா நிம்மதி. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிடாதீங்கம்மா. இதுக்குத்தான் வந்தேன்னு தோணுது. இது கிடைக்கலேன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

மங்கையம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. விரதம் கேட்பவர் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். அதுவும் வெந்நீரில். உடம்பை வருத்திக்கொண்டு வந்து நிற்பவருக்கு அவர் எதையும் கொடுப்பதில்லை.

"சரி. குளிச்சிட்டு வாங்க" என்றார்.

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. துண்டோடு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அம்மா, ஷவர்ல சூடே வரலை. ஆறிப்போன காபி மாதிரி வருது."

"நாலஞ்சு நாளா அப்படித்தான். எனக்கும் அதேதான்."

"அடுப்புல ஒரு குண்டான் தண்ணி வச்சுக்கறேன்."

"அடுப்புல காயும். அது தெரிஞ்சதுதானே. ஷவர்ல ஏன் காயலைன்னு பாருங்க முதல்ல."

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டினார். மிஷின்களோடு பழகியவர். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. கேஸ் ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். தீ நீலமாக, நின்று எரிந்தது. வடிகட்டியைக் கழுவினார். ஹீட்டரிலிருந்து வெளியே வருகிற குழாயைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறினார்.

"இங்கே கொதிக்குது. ஷவருக்குப் போறதுக்குள்ள ஆறிப்போகுது. நடுவுல எங்கே போகுது சூடு?"

அவரே ஒரு பதில் கண்டுபிடித்தார்.

"அம்மா, டிரைவர் ஹீட்டர்ல கை வச்சாரான்னு கேளுங்க."

சவரிமுத்து கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"வைக்கலைன்னு சொல்லுங்கம்மா."

"வைக்கலையாம்" என்றார் மங்கையம்மா.

"பின்னே எதுக்குத் தும்மறாராம்?"

"அந்தப் பச்சைத்தண்ணியில குளிச்சுத்தான் தும்மறேன்னு சொல்லுங்கம்மா. ஹீட்டர்ல கை வச்சிருந்தா முதல்ல எனக்குச் சூடா வர்ற மாதிரில்ல வச்சிருப்பேன்?"

மங்கையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "இதை அவருக்கு நான் வேற சொல்லணுமா?"

சவரிமுத்து மறுபடி தும்மினார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேம்மா. மத்தியானம் மலை இறங்கணும். கொண்டை ஊசி வளைவுல தும்மினா நல்லா இருக்காது." மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்த டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

ஏகாம்பரம் மறுபடி முயன்றார். ஷவரில் பச்சைத்தண்ணீர்த் திருகை இறுக மூடினார். வெந்நீரை மட்டும் திறந்தார். அப்போதும் அரைச்சூடுதான். பச்சைத்தண்ணீரை மூடிய பிறகும் எங்கிருந்தோ பச்சைத்தண்ணீர் வந்து கலந்துகொண்டிருந்தது. ஈரத் தலையோடு படியில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கொடுப்பினை இல்லை போல இருக்கு."

மங்கையம்மா எழுந்தார். அவரைத் தாண்டிக் கீழே இறங்கி, வண்டியின் பக்கவாட்டுக்குப் போனார். அங்கே படிக்கு அருகில் ஒரு சின்னக் கதவு. அதற்குள்ளே சுருட்டி வைத்த குழாயோடு ஒரு ஹேண்ட் ஷவர். வருகிறவர்கள் கால் கழுவிவிட்டுப் படியேறுவதற்காக வைத்தது.

"இது யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் அம்மா. வர்றவங்களுக்கு நான்தான் ஊத்தி விடறேன்."

"வெந்நீரா, பச்சைத்தண்ணியா?"

"ரெண்டும் கலந்து. எஸ்டேட்ல இருந்து வயசானவங்க எல்லாம் செருப்பில்லாம வர்றாங்க. இந்தக் குளிர்ல அவங்க கால்ல பச்சைத்தண்ணி படலாமா?"

"படக்கூடாது. நல்ல காரியம். ஒருத்தர் கழுவி முடிச்சதும் எப்படி நிறுத்தறீங்க?"

"கைப்பிடியில பொத்தான் இருக்கே. அமுக்கினா நின்னுடும்."

"இந்தக் கதவுக்குள்ள இருக்கிற திருகு ரெண்டும்?"

"அதைத் தொடறதில்லை. இதமாக் கலந்து வச்சிருக்கேன். மூடினா அடுத்த ஆளுக்கு மறுபடி முதல்லேர்ந்து கலக்கணுமே."

மங்கையம்மா கதவுக்குள் கையை விட்டார். சிவப்புத் திருகைத் திருகி மூடினார். நீலத் திருகைத் திருகி மூடினார். சின்னக் கதவைச் சாத்தினார்.

"போய்த் திறந்து பாருங்க."

ஏகாம்பரம் உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஷவர் அறையின் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்ளேயிருந்து "ஆ!" என்று ஒரு குரல்.

"சுடுதும்மா! நல்லாச் சுடுது!"

கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். வந்தவர் அந்தச் சின்னக் கதவையே பார்த்தார்.

"எப்படிம்மா? இது வெளியே இருக்கு. பொத்தானையும் மூடித்தான் வச்சிருந்தேன்."

"வெளிவழிதான் மூடியிருந்தது. பின்னாடி ரெண்டும் திறந்து கிடந்தது. வெளியே போக வழி இல்லாத தண்ணி என்ன பண்ணும்? உள்ளுக்குள்ளேயே போகும். பச்சைத்தண்ணி இந்த வழியா வெந்நீர்க் குழாய்க்குள்ள ஏறிடுச்சு."

"ஆனா ஒரு சொட்டு வெளியே வரலையேம்மா!"

சொல்லிவிட்டு ஏகாம்பரம் நின்றார். தான் சொன்னது தனக்கே கேட்டது போல இருந்தது அவர் நின்ற விதம்.

மங்கையம்மா படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டினார்.

ஏகாம்பரம் மெல்லச் சொன்னார்.

"தினம் படுக்கிறப்போ அவருக்கு ஒரு பதில் சொல்லிட்டுத்தான் தூங்கறேன் அம்மா. மனசுக்குள்ளதான். விதவிதமாச் சொல்றேன். நேத்து சொன்னது ரொம்ப நல்லா வந்தது. அவர் எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிடறார்."

"கும்பிட்டதுக்கு அப்புறம் தூக்கம் வந்ததா?"

"இல்லை. அவர் பக்கத்துலேயே குறட்டை விட்டுட்டிருந்தார்."

மங்கையம்மா வாய்விட்டுச் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் ஏகாம்பரமும் சிரித்துவிட்டார். பனி விலகி, தேயிலைச் சரிவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஹீட்டர் தயாரா?" என்றார் மங்கையம்மா.

"தயார். நான் குளிச்சிட்டு வந்துடட்டுமா?"

"அது சின்ன ஹீட்டர். ஒரு ஆள் குளிச்சா அடுத்த ஆளுக்கு மறுபடி காயணும். மலை இறங்கப் போறவர் முதல்ல குளிக்கட்டும்."

ஏகாம்பரம் டீக்கடைப் பக்கம் பார்த்தார். சவரிமுத்து பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, கடைக்காரரிடம் எதையோ கையாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு குரல் கொடுங்களேன். கேட்டுடும்."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

கட்டியிருக்கவில்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஏகாம்பரம் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்ப என் மௌனம்?"

"அது என்கிட்டதான் இருக்கு. எங்கேயும் போயிடாது. தண்ணி ஆறிடும். போய் அவரைக் கூப்பிடுங்க."

ஏகாம்பரம் துண்டைப் படியில் வைத்துவிட்டு, டீக்கடையை நோக்கி நடந்தார்.