ஸ்டூல் அறிந்த எடை

ஒரு பனியன் கம்பெனியின் மூன்றாவது தையல் லைனில் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. பதினோரு வருஷமாகப் பாவாத்தாள் அதில் உட்கார்ந்துதான் தைத்தாள். பக்கத்து ஆணியில் தொங்கிய மர டோக்கன் அதற்குச் சிநேகிதி. கழிவறைக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். லைனில் முப்பத்தெட்டுப் பெண்கள், டோக்கன் ஒன்றே ஒன்று.

ஒரு நாள் மருத்துவ முகாம் வந்தது. எண்பது கிலோவைத் தாண்டியவர்களுக்கு இனி லைனில் இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். எடை மெஷினைக் கொண்டுவந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"அண்ணே," என்று ஸ்டூல் கெஞ்சியது. "பாவாத்தாளுக்கு மட்டும் ரெண்டு கிலோ குறைச்சுச் சொல்லுங்க. இந்த வேலை போனா அவளுக்கு வேற வழியில்ல."

"எனக்குப் பொய் வராது," என்றது மெஷின். தன் நேர்மையில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

முதலில் செங்கோடன் ஏறினான். துணி மூட்டையைச் சுமந்து நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறவன். ஐம்பத்தாறு கிலோ.

"பார்த்தியா? ஒரே கேன்டீன், ஒரே சோறு. இவனுக்கு உடம்பு போடலையே! அவ வாயைக் கட்டியிருக்கணும்," என்றது மெஷின்.

"அவன் ரெண்டு தட்டு சாப்பிடுவான். அவ அரைத் தட்டு," என்றது ஸ்டூல். "அவனை நடக்க விடறாங்க. அவ பத்து மணி நேரமும் என் மேலதான் இருக்கா."

டோக்கனுக்குப் பொறுக்கவில்லை. "என்னை எடுத்தா சூப்பர்வைசர் முறைப்பாரு. அதுக்குப் பயந்து அவ தண்ணியே குடிக்கிறதில்ல. போன வாரம் பூரா அவ கை என் மேல படல. அந்த சூப்பர்வைசருக்குந்தான் தொந்தி. அவரைப் பார்த்தா வசதியா இருக்காருங்கறாங்க. இவளைப் பார்த்தா சோம்பேறிங்கறாங்க. அவரை எடை போடக்கூட இல்லையே!"

அதற்குள் பாவாத்தாள் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். காதுத் தோட்டையும் கழற்றி, கைக்குள் பொத்திக்கொண்டே ஏறினாள். பாவம், கையில் வைத்திருந்தாலும் அதே கனம்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எண்பத்திரண்டு.

"ஏம்மா, சோத்தைக் குறைக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

"குறைச்சுப் போட்டனுங்க. இனிக் குறைக்கத் தட்டுல ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் தலையை நிமிர்த்தாமல் சிவப்பு மையில் எழுதினார். பாவாத்தாள் திரும்பி வந்து, ஸ்டூலை முந்தானையால் துடைத்தாள். பிறகு டோக்கனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். அன்றைக்கு அவளை யாரும் முறைக்கவில்லை. திரும்பி வந்து டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு, தன் பையோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். ஸ்டூல் அழுதது. தையல் மெஷின்கள் சத்தம் போட்டு ஓடுகிற இடத்தில் அது யார் காதில் விழும்?

மறுநாளும் முகாம் இருந்தது. பாவாத்தாள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பெயர் மயிலாத்தாள், வயது பத்தொன்பது. எடை நாற்பத்தாறு.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குத் தயங்கித் தயங்கி எழுந்து டோக்கனிடம் கை நீட்டினாள்.

"இந்தத் துணிக் கட்டைத் தைச்சு முடி, அப்புறம் போகலாம்," என்றார் சூப்பர்வைசர். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எடை மெஷின் தலைகுனிந்து நின்றது. ஸ்டூல் அதனிடம் மெதுவாகச் சொன்னது:

"அண்ணே, பதினோரு வருஷம் கழிச்சு இவ எடை என்னன்னு இப்பவே எழுதிக்குங்க. எண்பத்திரண்டு."