ஆனந்த வருஷத்துப் பிறப்புகள்

பஞ்சாங்கத்தில் அந்த வருஷத்துக்கு ஆனந்த என்று பெயர். இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நான்கு. ஆடியில் மழை இல்லை. ஐப்பசியிலும் இல்லை.

தொண்டிக்குப் போகும் சாலையில் ஒரு மடம் இருந்தது. வேலப்ப சாமி என்பவர் அங்கே வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு கடல் தாண்டி இலங்கையின் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் கடற்கரைக்கு நடந்தார்கள். மடத்தில் கஞ்சி குடித்தவர்கள் தொண்டி போய்ச் சேர்ந்தார்கள். குடிக்காதவர்களில் பலர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் பிறகு எழுந்திருக்கவில்லை.

சாமிக்கு ஒரே சீடர், தெய்வசிகாமணி. வயதில் குருவைவிட மூத்தவர். சென்னைப் பட்டணத்து அச்சுக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் பத்திரிகைச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்துவந்தவர். ஒரு கோடையில் மனைவியும் மகனும் வாந்திபேதியில் அடுத்தடுத்துப் போனார்கள். அன்று சாயங்காலமும் பத்திரிகை வெளிவந்தது. அதில் இங்கிலீஷ் சீமையில் நடந்த குதிரைப் பந்தயத்தைப் பற்றி விரிவாகப் போட்டிருந்தார்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பட்டணத்தை விட்டுக் கிளம்பியவர், நடந்து நடந்து இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். பழைய நண்பர் ஒருவர் மட்டும் தெற்கே வரும் வண்டிகளில் பத்திரிகைக் கட்டுகளை அனுப்பிவைப்பார். தெய்வசிகாமணி அவற்றைப் படிப்பார். படித்ததை யாரிடமும் சொல்லமாட்டார்.

மார்கழியில் ஜமீன் பிரதானி பல்லக்கில் வந்து இறங்கினார். ஜமீன்தாருக்குப் பல வருஷம் கழித்து அந்த ஆடியில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தையில் அதற்குச் சோறூட்டும் விழா. குழந்தை பிறந்த வருஷத்தில் உலகம் முழுவதும் நடந்த பெரிய காரியங்களையும், பிறந்த பெரிய மனிதர்களையும் ஒரு வரலாறாக எழுதிச் சபையில் படிக்க வேண்டும் என்பது மகாராஜாவின் ஆசை. அதற்கு ஏற்றவர் தெய்வசிகாமணிதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படித்தால் சித்திரை வரைக்கும் மடத்துக்கு வேண்டிய நெல் ஜமீன் களஞ்சியத்திலிருந்து வரும் என்றார் பிரதானி.

மடத்துக் குதிரில் நெல் அடியைத் தொட்டிருந்தது.

பிரதானி போனதும் தெய்வசிகாமணி குருவிடம் வந்தார். பெரியவர்களாக யாரும் பிறப்பதில்லையே, இந்த வருஷம் பிறந்த பெரியவர்கள் எல்லாம் இப்போது எங்கோ தொட்டிலில் கிடப்பார்களே, அவர்களை எப்படிக் கண்டுபிடித்து எழுதுவது என்று கேட்டார்.

"நடந்ததை எழுதுங்க. நடக்காததை எழுத வேணாம்" என்றார் சாமி.

தெய்வசிகாமணி எழுதினார். ருஷ்யாக்காரனோடு இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் செய்யும் சண்டை. ஒரு குதிரைப் படை பீரங்கிகளின் வாய்க்கு நேரே ஓடி அழிந்தது. ஹவுராவிலிருந்து புகைவண்டி கிளம்பியது. கல்கத்தாவில் தட்டிய செய்தி கம்பி வழியே ஆக்ராவில் கேட்டது. ராணியின் தலை அச்சடித்த சின்னக் காகிதத்தை ஒட்டிவிட்டால் கடிதம் தேசம் முழுவதும் போனது. லண்டன் பட்டணத்தில் வாந்திபேதி வந்து தெருத்தெருவாக ஜனங்கள் செத்தார்கள். எழுதியதைப் பார்க்க மறுபடி வந்த பிரதானி, நல்ல நாளுக்கு ஆகாது என்று இதை மட்டும் அடித்துவிடச் சொன்னார். தெய்வசிகாமணி அடித்துவிட்டார். பிறப்புகளைப் பற்றி எழுத விட்டிருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சடைச்சி வந்தாள். நிறைமாதம். புருஷன் வழியிலேயே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அவனைப் புதைத்துவிட்டு, ஊர்க்காரர்களோடு நடந்து வந்தவள் மடத்து வாசலிலேயே வலி கண்டு உட்கார்ந்தாள். கூட வந்த பெண்கள் மாட்டுக் கொட்டிலில் சேலையைக் கட்டி மறைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத குழந்தை.

தாயிடம் பால் இல்லை. தெய்வசிகாமணி கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தார். அது அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. சில நாள் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் விரலை நீட்டினார், அது பிடிக்கவில்லை.

மடத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். சடைச்சி அழவில்லை. மண்ணைத் தள்ளி முடித்ததும் தெய்வசிகாமணியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, இவ பொறந்தா, இருந்தான்னு யாருக்குத் தெரியும்?"



விழா நாளன்று அரண்மனை முற்றத்தில் வாழை மரங்கள் கட்டியிருந்தார்கள். எங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவற்றைப் பச்சையாக வைத்திருந்தார்களோ தெரியவில்லை. ஜமீன்தார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பொன் கிண்ணத்திலிருந்து சர்க்கரைப் பொங்கலைத் தொட்டு அதன் உதட்டில் வைத்தார்கள். குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பியது. எல்லோரும் சிரித்தார்கள்.

தெய்வசிகாமணி படித்தார். போரைப் படித்தபோது ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டார். கம்பிச் செய்தியைக் கேட்டுச் சபை வியந்தது. பிறகு அவர் நிறுத்தினார்.

"பிறப்புகள்?" என்று கேட்டார் ஜமீன்தார். "என் மகனோடு சேர்த்துச் சொல்லும்படி இந்த வருஷம் யார் யார் பிறந்தார்கள்?"

பிரதானி அருகில் வந்து, சக்கரவர்த்திகள் வீட்டிலெல்லாம் பிள்ளை பிறந்ததாகச் சொல்லிவிடும் என்று காதோரம் சொன்னார். சொல்வது சுலபம். அங்கே இருந்தவர்களில் யாரும் விசாரித்துப் பார்க்கப்போவதில்லை. தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். அந்தச் சின்ன விரல்களின் பிடி அவர் விரலில் இன்னும் இருந்தது.

"தொண்டிச் சாலை மடத்து மாட்டுக் கொட்டிலில், சடைச்சி என்கிற தாய்க்கு ஒரு பெண் பிறந்தாள் மகாராஜா. பால் இல்லாமல் செத்துப்போனாள். இந்த வருஷத்துப் பிறப்புகளில் நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்."

ஒரு கிழவி அவசரமாகக் குழந்தையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். திரைக்குப் பின்னால் குழந்தையின் தாய் விம்மும் சத்தம் கேட்டது.

ஜமீன்தார் கத்தவில்லை. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு, "நல்ல நாளில் என் பிள்ளைக்கு முன்னால் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டீர். போய்விடும்" என்றார்.

வாசலில் மடத்துக்கென்று நெல் ஏற்றி நிறுத்தியிருந்த வண்டிகளை ஆட்கள் திரும்பவும் களஞ்சியத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

தெய்வசிகாமணி மடத்துக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. சாலை ஓரமாக ஜனங்கள் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நெல் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டியின் சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

சடைச்சி எழுந்து எதிரே வந்தாள். உன் பிள்ளை பிறந்ததைச் சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னார்.

"கேட்டாகளா?"

"கேட்டாங்க, தாயி."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக இளகியது. பிறகு அவருக்குப் பின்னால் கிடந்த வெறும் சாலையைப் பார்த்தாள்.

"அதுனாலயா நெல்லு வரல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சடைச்சி திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். போய் அவர்களோடு உட்கார்ந்தாள்.

சாமி குதிரில் மிச்சமிருந்ததைக் கூட்டி அள்ளிக் காய்ச்சினார். கஞ்சியைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதுவும் பாதிப் பேருக்கு மேல் எட்டவில்லை. எட்டாதவர்கள் சண்டை போடவில்லை. சட்டிகளைக் கவிழ்த்து மூட்டையில் செருகிக்கொண்டார்கள்.

கஞ்சிக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்த குருவுக்குப் பக்கத்தில் தெய்வசிகாமணி வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு பொய் சொல்லியிருந்தா இவங்க குடிச்சிருப்பாங்க."

"ஆமா."

"நடந்ததை எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அங்கே திரைக்குப் பின்னால ஒரு தாய் அழுதா. இங்கே இவங்க வெறும் வயித்தோட நிக்கறாங்க. செத்த பிள்ளைக்கு அதனால என்ன ஆச்சு? நான் செஞ்சது தப்பா சாமி?"

சாமி கழுவுவதை நிறுத்தவில்லை. அடியில் ஒட்டியிருந்த பொருக்கைச் சுரண்டி எடுத்து, அதை ஓர் இலையில் வைத்து, வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த கிழவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குள் கூட்டம் எழுந்து கிழக்கே நடக்கத் தொடங்கியிருந்தது. சடைச்சியும் போய்க்கொண்டிருந்தாள். சாமி கிணற்றடியில் ஒரு குடத்தை நிரப்பி, தூக்கி வந்து, சீடரின் தோளில் வைத்தார்.

"கூட நடங்க. தொண்டி வரைக்கும். போற வழியில ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரைக் கேட்டுக்கங்க."

"எழுதி வைக்கவா சாமி?"

"வேணாம். யாராவது உக்காந்துட்டா பேர் சொல்லிக் கூப்பிடணும்."