மாசிலாமணியைக் கையில் பிடித்த தலைமையாசிரியர்

நெடுங்குறிச்சிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்றெல்லாம் நோண்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அந்த ஊர் ஏடிஎம் கதவில் 'வரிசையில் வரவும்' என்று ஒட்டியிருக்கிறது. தனியாளாகப் பணமெடுக்க வந்தவர், இன்னும் நாலு பேர் வந்து வரிசை சேரும்வரை எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்.

பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்' என்று ஓர் அட்டை தொங்குகிறது. பெயிண்ட் காய்ந்து, உதிர்ந்து, துருவும் ஏறிவிட்டது. ஆனால் அட்டையை அவிழ்க்க வேண்டுமென்றால் கேட்டைத் தொட வேண்டுமே! ஆகவே பிள்ளைகளும் வாத்தியார்களும் சுவரேறிக் குதித்துத்தான் போய்வருகிறார்கள். தலைமையாசிரியர் தளவாய் சாருக்கு மட்டும், பதவிக்கு மரியாதையாக, சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஒரு ரோபோ குழு இருந்தது. பதினோராம் வகுப்புச் சங்கரவடிவு அதற்குத் தலைவி. ஜெபசிங்கும் மைதீன் பாத்துவும் உறுப்பினர்கள். இந்த மூன்று பேர் ரோபோ செய்தார்களா என்று நீங்கள் வாயைப் பிளக்க வேண்டாம். பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் என்ன போட்டிருந்ததோ அதை அப்படியே செய்தார்கள். எழுதினதை எழுதினபடி செய்கிற குணம் ஊரிலே அந்த ஒரு காரியத்துக்குத்தான் உதவியிருக்கிறது. முதல் தடவை பொத்தானை அமுக்கியதுமே ரோபோ ஓடிவிட்டது.

அதற்கு மாசிலாமணி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தகரப் பெட்டி, மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு டஸ்டர். கரும்பலகையின் மேல்விளிம்பில் தொங்கவிட்டுப் பொத்தானை அமுக்கினால், 'கொர்ர்' என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, எழுதியதையெல்லாம் அழித்துவிடும். எழுதி முடித்தாயிற்றா என்று பார்க்காது. அது அதன் வேலை இல்லை.

குழுவுக்கென்று ஓர் அறை இருந்தது. முன்பு அது சத்துணவு அரிசி மூட்டை போட்டுவைத்த அறை. சத்துணவு அமைப்பாளர் பொன்னுத்தாய்க்கு அதன் மேல் இன்னமும் ஒரு கண். "மாநிலப் போட்டிக்குத் தேர்வானா ரூம் உங்களுக்கு. இல்லன்னா அரிசிக்கு" என்று தளவாய் சார் பிரேயரிலேயே சொல்லிவிட்டார். தளவாய் சார் சொன்னால் சொன்னதுதான்.

வடிவுக்கு அந்த அறை உயிர். வீட்டில் அவள் உட்கார்ந்தால் போதும், தண்ணி எடு, தம்பியைப் பாரு, கடைக்குப் போ என்று யாராவது எழுப்பிவிடுவார்கள். இந்த அறையில்தான் அவளை யாரும் எழுப்பியதில்லை. அதை மூட்டைக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

போட்டிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள், அதுவும் சாயங்காலம்வரைதான் நேரம். மைதீன் பாத்துவின் போனில் வந்திருந்த விதிகளை வடிவு உரக்க வாசித்தாள்.

"ரோபோவை மாணவர்கள் மட்டுமே கையாள வேண்டும். பெரியவங்க எந்த உதவியும் செய்யக் கூடாது. வீடியோல விளக்கம் சொல்லுதவங்க குரலைத் தவிர வேற சத்தம் இருக்கக் கூடாது. நீங்கள் சந்தித்த தோல்வியையும், அதிலிருந்து கற்றதையும் உண்மையாக எழுத வேண்டும். நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது."

ஜெபசிங் போனை வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தான்.

"தோல்வியா?" என்றான் ஜெபசிங். "நமக்கு அது வரவே இல்லையே."

"மொதத் தடவையே ஓடித் தொலைச்சிட்டுல்லா" என்றாள் மைதீன் பாத்து வருத்தமாக.

"ஏதாச்சும் சும்மா எழுதிருவமாட்டி?"

"உண்மையா எழுதணும்னு போட்டிருக்குல. பொய் எழுதினா ரூம் போயிரும்" என்றாள் வடிவு. "ஒண்ணு செய்வோம். இன்னும் பொழுது இருக்கு. சாயங்காலத்துக்குள்ள எப்படியாச்சும் தோத்துருவோம்."

மூவரும் வரிந்து கட்டிக்கொண்டு தோற்கக் கிளம்பினார்கள்.

முதலில் கரும்பலகையில் நல்லெண்ணெயைத் தடவினார்கள். மாசிலாமணி வழுக்கி விழும் என்று பார்த்தால், அது எண்ணெயையும் சேர்த்துத் துடைத்து, பலகையைப் பளபளவென்று ஆக்கிவிட்டது. இவ்வளவு நல்ல பலகையை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததே இல்லை.

அடுத்து ஜெபசிங் பேட்டரியைக் கழற்றினான். மாசிலாமணி நின்றது. "தோத்துட்டோம்!" என்று குதித்தான்.

மைதீன் பாத்து கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். "பேட்டரிய எடுத்தா அது நிக்கணுமா, ஓடணுமா?"

"நிக்கணும்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்போ அது சரியாத்தான வேல செஞ்சிருக்கு."

ஜெபசிங்கின் முகம் தொங்கிப்போயிற்று. வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் எவ்வளவு சுலபமாகத் தோற்றிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அவளே ஸ்குரு டிரைவரை எடுத்தாள். கொக்கி இரண்டையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, பேட்டரியை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். இந்தத் தடவை மாசிலாமணி ஆடியது, சாய்ந்தது, ஒரு கொக்கி கழன்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது கொக்கியும் கழன்றது. அந்த நேரம் பார்த்து, அறையில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்த தளவாய் சார், "ஏ ஏ ஏ!" என்று பாய்ந்து, தரையில் விழப்போன மாசிலாமணியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துவிட்டார்.

"சார்!" என்று அலறினாள் வடிவு. "எங்க தோல்வியக் கெடுத்துட்டியளே!"

தளவாய் சார் ஒன்றும் புரியாமல் பெட்டியைக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காதீய சார்! அப்படியே நில்லுங்க!" என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள். வடிவு விதியை மறுபடி வாசித்துக் காட்டினாள். பெரியவர்கள் உதவி செய்யக் கூடாது. தளவாய் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் பிறந்ததிலிருந்து எந்த விதியையும் மீறியதில்லை. பெட்டியை நீட்டிய கைகளில் ஏந்தியபடி அசையாமல் நின்றார்.

"இப்போ என்னல செய்ய?" என்றாள் மைதீன் பாத்து.

"நாம சார்ட்டருந்து வாங்கிக்கிடலாமா?" என்றான் ஜெபசிங்.

"வாங்கினா அவ்வோ குடுத்ததா ஆயிரும். குடுக்கது உதவி" என்றாள் வடிவு.

"கீழ வச்சா?"

"எடுத்து வைக்கது அதவிடப் பெரிய உதவி."

"அப்போ சாரு சும்மா நின்னா?"

மைதீன் பாத்து இதை வெகுநேரம் யோசித்தாள். "சும்மா நிக்கது உதவியில சேராது. சாரு தெனமும் பிரேயர்ல சும்மாதான நிக்காவ. அதனால யாருக்காச்சும் உதவி ஆயிருக்கா?"

ஆகவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தளவாய் சாரும் நேர்மையான மனிதர், தலையாட்டினார். ஏதோ சொல்லவும் வாயெடுத்தார்.

"பேசாதீய சார்! நீங்க யோசனை சொன்னா அதுவும் உதவி."

தளவாய் சார் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது வீடியோ. அங்கேயும் ஒரு சிக்கல். பேசுகிறவர் குரலைத் தவிர வேறு சத்தம் கூடாது. மாசிலாமணியோ ஓடினால் 'கொர்ர்' என்கிறது.

"அணைச்சிருவோம்" என்றான் ஜெபசிங்.

"அணைச்சா எப்படி அழிக்கும்?"

"அது சும்மா இருக்கட்டும். நாம பலகைய ஆட்டுவோம்."

வடிவு அவனை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். இந்த மூளை இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவளே போய்ப் பொத்தானை அமுக்கி அதை அணைத்தாள்.

இதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. தளவாய் சாருக்குப் பசித்தால் வயிறு இரையும், அந்தச் சத்தமும் வீடியோவில் விழும். பொன்னுத்தாயைக் கூப்பிட்டார்கள். ஆனால் பொன்னுத்தாய் பெரியவர். அவர் சாரைத் தொட்டு, சார் மாசிலாமணியைத் தொட்டிருந்தால் என்ன கணக்கு? கடைசியில், சாம்பார் கிளறுகிற நீளக் கரண்டியால், தள்ளி நின்று ஊட்டச் சொன்னார்கள். பொன்னுத்தாயும் குறி பார்த்து ஊட்டினார். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி சட்டையில் இறங்கியது. ஊட்டுகிற சாக்கில் அறையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டு, "இந்த மூலையில பருப்பு வைக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதைக் கேட்டதும் வடிவுக்கு வெறியே வந்துவிட்டது. "எடுங்கல வீடியோவ!" என்றாள்.

மைதீன் பாத்து போனைப் பிடித்தாள். ஜெபசிங் கரும்பலகையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, சாருக்கு முன்னால் கொண்டுபோய், டஸ்டரில் உரசும்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான். பலகைக்குப் பின்னால் அவன் மறைந்தே போனான். அவன் சுண்டுவிரல்கூட வீடியோவில் தெரியவில்லை. எழுத்தெல்லாம் ஒழுங்காக அழிந்தது.

வடிவு ஓரமாக நின்று, கையை நீட்டிக் காட்டி, கணீரென்று சொன்னாள்.

"வணக்கம். இவர்தான் எங்கள் மாசிலாமணி. கரும்பலகை அழிப்பது இவருடைய வேலை. இவருக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம். திட்டினாலும் கோபப்பட மாட்டார். இவரை நாங்களே செய்தோம். பெரியவர்கள் யாரும் உதவவில்லை."

நடுவில் ஓர் ஈ வந்து தளவாய் சாரின் மீசையில் உட்கார்ந்தது. சார் இமைக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மீசை மட்டும் ஒரு தரம் துடித்து அடங்கியது.

விண்ணப்பத்தில் தோல்வி என்ற இடத்தில் வடிவு உண்மையை எழுதினாள்: 'தோற்பதற்கு எவ்வளவோ முயன்றோம். முடியவில்லை. இதுவே எங்கள் தோல்வி.' கற்றது என்ற இடத்தில், 'அடுத்த தடவை கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தோற்க வேண்டும்' என்று எழுதினாள். வீடியோவும் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டன என்று போன் சொன்ன பிறகுதான் சாரின் கையிலிருந்து மாசிலாமணியை இறக்கினார்கள். கை மட்டும் இறங்கவில்லை. அன்று சார் இரண்டு கையையும் நீட்டியபடியேதான் சுவரேறி வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் நடுவர்களிடமிருந்து பதில் வந்தது. வடிவு உரக்க வாசித்தாள்.

"உங்கள் குழு மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியுள்ளது. இதுவரை வந்த மனித உருவ ரோபோக்களில் மாசிலாமணியே தலைசிறந்தது. முகத்தில் சோகம் தத்ரூபம். மீசை அசைவு அபாரம். சட்டையில் சாம்பார் கறை வைத்திருக்கும் நுணுக்கத்தை வெகுவாகப் பாராட்டுகிறோம். ரோபோவை அணைத்து, மரப்பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பவும்."

ஜெபசிங்கும் மைதீன் பாத்துவும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். வடிவுக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. அறை பிழைத்துவிட்டது! ஆனாலும் அவள் மனசில் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது.

"ஏல, அவ்வோ நம்ம சாரை ரோபோன்னு நெனச்சிட்டாவளோ?"

"நெனச்சா என்ன?" என்றாள் மைதீன் பாத்து. "நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது. நீதான வாசிச்ச."

மூவரும் போய்த் தளவாய் சாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கையை மடக்கி நீட்டினார். 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"எனக்கும் கொஞ்ச நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் மெதுவாக. பிறகு கவலையோடு, "ரோபோவுக்குப் பென்ஷன் உண்டால?" என்று கேட்டார்.

"வீடியோலயே சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டோம் சார்."

"சரி, சொன்னா சொன்னதுதான்" என்று பெருமூச்சு விட்டார் சார்.

தச்சரைக் கூப்பிட்டு மரப்பெட்டி செய்தார்கள். அணைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்களே, சாரை எப்படி அணைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. "சாப்பிட்டவொடன சாரு தானா அணைஞ்சிருவாவ" என்று பொன்னுத்தாய்தான் வழி சொன்னார். வயிறு முட்டச் சாம்பார் சாதம் போட்டு, தலையணையோடு உள்ளே உட்காரவைத்து, மூடியை ஆணியடித்தார்கள். காற்றுக்கு ஓட்டை வேண்டுமா என்று ஜெபசிங் கேட்டான். பதிலில் ஓட்டை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளையாக, தச்சர் வேலை சுத்தம் போதாமல் எல்லாப் பக்கமும் சந்து விட்டிருந்தார்.

கேட்டைத் தொடக் கூடாதென்பதால் பெட்டியைக் கயிறு கட்டிச் சுவர் மேல் ஏற்றி, வெளியே நின்ற லாரிக்கு இறக்கினார்கள். ஏற்றும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. சார் இன்னும் முழுசாக அணையவில்லை.

"ஏட்டி வடிவு, நான் வர்ற வரைக்கும் ஸ்கூல யாரு பாப்பா?"

"மாசிலாமணிய உங்க சேர்ல வச்சிருக்கோம் சார். காலையில வருகைப் பதிவையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டுது."

"நல்லது. வழியில பெட்டியத் தலைகீழாப் போட்டுரப் போறானுவ. எந்தப் பக்கம் மேலன்னு எழுதினியா?"

"எழுதிட்டேன் சார்" என்றாள் வடிவு, கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே. "ஆறு பக்கமும் 'இதுதான் மேலே'ன்னு எழுதிட்டேன். அவ்வோ எப்படிப் போட்டாலும் நீங்க நேராத்தான் இருப்பிய."