முற்றத்தில் இரண்டு நாடுகள்

இரண்டு போர்களை நடத்தி முடித்த ஒரு மந்திரி, அறுபத்தாறாவது வயதில் ஒரு குருவைத் தேடி வந்து சேர்ந்தார். குருவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

மந்திரியின் பெயர் மருதவாணர். குருவின் பெயர் அமலை. மலையடிவாரத்தில் எட்டுப் பேர் மட்டும் இருந்த சின்ன ஆசிரமம் அது. வந்த அன்று மருதவாணர் வணங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆற்றின் அணையை ஒரு முழம் உயர்த்தலாம் என்று அரசருக்கு யோசனை சொன்னேன், தாயே. கீழ்நாட்டிலிருந்து தூதன் வருவான், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படை வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

"எனக்குத் தெரியாது, மந்திரியாரே. சாப்பிட்டீர்களா?"

அவர் சாப்பிட்டார். அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. நான்காவது ஆண்டில் அதற்கு விடை கண்டுபிடிக்க அவர் ஓர் ஆட்டம் செய்யத் தொடங்கினார். முற்றத்தை மெழுகிச் சுண்ணாம்பால் ஓர் ஆறு வரைந்தார். ஆற்றின் மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு. நாட்டுக்கு நூறு கொண்டைக்கடலை, அவர்கள்தான் குடிமக்கள். புளியங்கொட்டை படை. புங்கவிதை காடு. குன்றிமணி புலி. கடுகு தேனீ. மழை பெய்வதும் பொய்ப்பதும் சோழியின் கையில்.

விதிகளை ஓலையில் எழுதினார். தேனீ குறைந்தால் மூன்றாம் சுற்றில் மா காய்க்காது. மா காய்க்காவிட்டால் குரங்கு வயலில் இறங்கும். குரங்கை விரட்டக் காட்டைக் கொளுத்தினால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் ஊர் நகரும், ஊர் நகர்ந்தால் எல்லையில் சண்டை. இப்படி முந்நூற்றுப் பதினாறு விதிகள். எல்லாம் உண்மை. அவர் மந்திரியாக இருந்தபோது கண்ணால் பார்த்தவை.

ஆட்டத்தில் செத்த கடலைகளை ஒரு மரக்கிண்ணத்தில் போடுவார். அடுத்த ஆட்டத்தில் அவையே மறுபடி பிறக்கும்.

முற்றத்தில் இரண்டு நாடுகள் வந்த பிறகு மற்றவர்கள் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். கன்றுக்குட்டியைக் கட்டிப் போட்டார்கள். யாருடைய ஈரத்துணியும் அங்கே காயக் கூடாது என்றாகிவிட்டது. உலகம் சமாதானமாக வேண்டுமென்றால் நாம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும் என்று சமையல் பார்த்த பூவாயி சொல்ல, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருதவாணர் காதில் அது விழவில்லை. அணிலை விரட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தோரு முறை ஆடினார். நாற்பத்தோரு முறையும் போரில் முடிந்தது, இல்லாவிட்டால் பஞ்சத்தில்.

அந்தச் சமயத்தில்தான் ஓலை வந்தது. பழைய அரசர் காலமாகி மகன் பட்டத்துக்கு வந்திருந்தார். அதே அணையின் பேரில் கீழ்நாட்டோடு மறுபடி மனத்தாங்கல். பௌர்ணமியன்று இரு அரசர்களும் ஆற்றங்கரையில் சந்திக்கிறார்கள். தாத்தா போலிருந்து தாங்கள் ஒரு வழி சொல்ல வேண்டும் என்று இளைய அரசர் எழுதியிருந்தார். மருதவாணர், வழியோடு வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டார். பௌர்ணமிக்கு அப்போது எட்டு நாள் இருந்தது.

நான்கு நாள் இருக்கும்போது நாற்பத்திரண்டாவது ஆட்டம் முடிந்தது. மருதவாணர் குருவின் அறை வாசலுக்கு ஏறக்குறைய ஓடினார்.

"சமாதானம் வந்துவிட்டது, தாயே."

அமலை வந்து ஆற்றின் ஓரமாகவே சுற்றிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் புங்கவிதை. குன்றிமணிகள் குட்டி போட்டிருந்தன. ஆறு கரை தொட்டு ஓடியது. ஒரு புளியங்கொட்டைகூட இல்லை.

"காடு நன்றாக இருக்கிறது. இந்த ஊற்று விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றவர், குனிந்து எதையோ தேடினார். "ஆட்கள் எங்கே?"

"பதினொரு பேர் இருக்கிறார்கள்."

"மற்றவர்கள்?"

"கிண்ணத்தில்."

அமலை கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மருதவாணரின் சிவந்த கண்களைப் பார்த்தார். கொஞ்சம் தூங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தூங்கி எழுந்தபோது அவருக்கும் அந்தப் பதினொரு பேர் போதாது என்றுதான் பட்டது. இன்னொரு முறை ஆடலாம் என்று காலையில் முற்றத்துக்கு வந்தார். கிண்ணம் காலி.

முந்தின நாள் மாலை தாம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சுண்டல் அவருக்கு நினைவு வந்தது.

அவர் சமையலறைக்குப் போன வேகத்தில் கன்றுக்குட்டி எழுந்து நின்றது. பூவாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நூற்று எண்பத்தொன்பது பேரை என்ன செய்தாய் என்று கேட்டார்.

"செத்தவங்களைத்தானே எடுத்தேன், ஐயா? உயிரோட இருந்தவங்க பக்கம் நான் போகவே இல்லை. தாளிக்கக் கடுகு பத்தலை. தேனீயாச்சேன்னு அதைக்கூடத் தொடலை."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மருதவாணருக்குப் பௌர்ணமி கண் முன்னால் நின்றது. ஒரு பானைக்குள்ளேயே உலகம் முடிந்துவிடுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று சொல்லிவிட்டார்.

பூவாயி கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு அடுக்குப்பானையை இறக்கி, இருந்த கடலையில் நூற்று எண்பத்தொன்பதை எண்ணிக் கிண்ணத்தில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்று மத்தியானம் அவருடைய இலையில் சோறு விதைவிதையாக இருந்தது.

கடைவாய்ப் பற்கள் போய் அவருக்குப் பத்து வருஷம். ஒவ்வொரு கவளத்தையும் முன்பற்களால் அரைத்து விழுங்கினார். மற்றவர்கள் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு வேகவில்லையா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். தினமும் இப்படித்தானே என்றார் அவர். இரவும் அதே சோறு. மறுநாள் காலையில் கஞ்சியிலும் பருக்கை முழித்துக்கொண்டு கிடந்தது.

அதுதான் கடைசி நாள். அடுத்த காலையில் அரண்மனை வண்டி வந்துவிடும். மருதவாணர் குருவிடம் போய், தம்மோடு ஒரே ஓர் ஆட்டம் ஆட முடியுமா என்று கேட்டார். தனியாக ஆடி ஆடிக் கண் பூத்துப்போய்விட்டது என்றார்.

"இதுவரை யார் ஆடியது?"

"நான்தான்."

"மேல்நாட்டுக்கு நீங்கள். கீழ்நாட்டுக்கு?"

"அதற்கும் நான்தான். இரண்டு அரசர்களின் மனமும் எனக்குத் தெரியும், தாயே. வேறு யாரும் சரியாக ஆட மாட்டார்கள்."

"ஆட்டத்தில் போர் வந்தது என்றீர்களே. யார் தொடுத்தது?"

"நான்."

"யார் மேல்?"

வாசலில் அணில் ஒன்று கீச்சிட்டது. அவர் அதை விரட்டவில்லை.

"எனக்கு உங்கள் விதிகளெல்லாம் மனப்பாடம். நான் ஆடினால் நீங்கள் ஆடுவது போலத்தான் இருக்கும். விதி தெரியாத ஆளாகப் பாருங்கள்" என்றார் அமலை.

"எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பாடமாகிவிட்டது. தெரியாதது பூவாயிக்கு மட்டும்தான்."

"அப்படியா" என்றார் அமலை. அத்துடன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சமையலறை வாசலில் மருதவாணர் நெடுநேரம் நின்றார். எதிரி நாட்டுச் சபைகளில் நின்றிருக்கிறார். இவ்வளவு நேரம் நின்றதில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பூவாயி திரும்பிப் பார்க்கவில்லை.

"சோறு கடினமாக இருந்தது" என்றார் கடைசியில்.

"எல்லாருக்கும் அதே சோறுதான்."

"இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு பங்கைத் தனியா எடுத்து இன்னும் கொஞ்சம் வேக வைப்பேன்."

"எனக்குப் பல் இல்லை என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லையே."

"வந்த அன்னைக்குச் சாப்பிட்டீங்களே. பார்த்தேன்."

நான்கு ஆண்டுகள். அவர் ஆட்டத்தில் குரங்கின் பசிக்கு விதி இருந்தது.

"செத்தவர்களை எடுக்கக் கூடாது என்று நான் விதி எழுதவில்லை. தப்பு என்னுடையது" என்றார். அது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. "பானையைப் பற்றிச் சொன்னதும் தப்பு. அது பெரிய தப்பு, பூவாயி."

பூவாயி அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே, சுண்டல் நல்லா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல என்றாள்.

"இரண்டு முறை கேட்டு வாங்கினேனே."

"மூணு முறை" என்றாள் பூவாயி. அப்போதுதான் திரும்பினாள்.

அவளை ஆட்டத்துக்குக் கூட்டிவருவது அதைவிடச் சுலபமாக இருந்தது. சோறு பாதி வெந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழ்நாட்டுப் பக்கம் சம்மணமிட்டாள். அமலை அவளுடைய கீரை முறத்தை எடுத்துக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தார்.

மருதவாணர் சோழியை உருட்டினார். மழை குறைவு. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அணையில் இன்னொரு குச்சியை அடுக்கினார். ஒரு முழம் உயர்ந்தது.

"இப்போது உன் முறை. உனக்கு மூன்று வழி இருக்கிறது. படை அனுப்பலாம். ஊரைக் காலி செய்யலாம். இல்லையென்றால் தூது அனுப்பலாம். தூது என்றால் சோழியை உருட்ட வேண்டும். மூன்று விழுந்தால் தூது பலிக்கும்."

பூவாயி சோழிகளைக் கையில் வாங்கினாள். அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் எதிரே உக்காந்திருக்கீங்களே. உங்ககிட்டக் கேக்குறதுக்கு எதுக்குச் சோழி?"

மருதவாணர் வாயைத் திறந்தார்.

"எதுக்கு உயர்த்தினீங்க?" என்றாள் பூவாயி. சோழிகளைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க பக்கம் தண்ணி பத்தலையா?"

ஓலைக்கட்டைப் புரட்டப் போன அவர் கை பாதியில் நின்றது. நாற்பத்திரண்டு ஆட்டத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆட்டம் இல்லாத அந்த நிஜ வருஷத்திலும் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மேல்நாட்டு ஏரிகள் நிறைந்திருந்தன. அது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"பற்றாமல் இல்லை" என்றார் மெல்ல. "அடுத்த வருஷம் மழை வராவிட்டால் என்ன செய்வது என்று பயம்."

"எங்களுக்கும் அதேதான்" என்றாள் பூவாயி. "சரி. எத்தனை பேர் இருக்கீங்க? எவ்வளவு வேணும்? சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். உங்கள் ஆட்கள் ரொம்பக் குளிக்கிறார்கள் என்றாள். உன் ஆட்கள் வாய்க்காலைத் தூர் வாருவதே இல்லை என்றார் அவர். அதற்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பிறகு ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். ஒரு காய் நகரவில்லை. நடுவில் அணில் வந்து மேல்நாட்டில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனது. இருவரும் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சுவரேறியபோது பூவாயி தலையில் கைவைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள்.

அன்று ஆசிரமத்தில் ஒன்பது பேருக்கும் சோறு களியாகக் குழைந்திருந்தது. மருதவாணரைத் தவிர எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

காலையில் வண்டி வந்தது. மருதவாணர் கடலை மூட்டையையும் சோழிகளையும் ஏற்றினார். ஓலைக்கட்டுகளைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். வாசலில் அமலை நின்றிருந்தார்.

"ஆட்டம் முடியவில்லை, தாயே. யார் ஜெயித்தது என்றும் தெரியவில்லை. இந்த விதிகளை எடுத்துப் போவதா, வேண்டாமா?"

"நல்ல விதிகள். எட்டு மாத உழைப்பு. தேனீயையும் ஊற்றையும் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எடுத்துப் போங்கள்."

பூவாயி ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். வழியில் கண்ட இடத்தில் சாப்பிட்டு வைக்காதீர்கள் என்றாள். அவருக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மருதவாணர் ஏறி உட்கார்ந்தார். வண்டி அசையப்போகும் நேரத்தில் தலையை வெளியே நீட்டினார். இந்த ஒன்றை மட்டும் நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார்.

"எதை?"

"இரண்டு அரசர்களும் எதிரெதிரே உட்காருவார்கள். முதல் காயை எங்கிருந்து தொடங்குவது?"

அமலை வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளி எடுத்துக் கன்றுக்குட்டிக்கு நீட்டினார்.

"முதலில் அவர்களோடு சாப்பிட உட்காருங்கள், மந்திரியாரே. யாருக்குப் பல் இல்லை என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்."