ஈரச்சாக்கு பீர்

"கரெண்டை வெட்டிட்டாங்க அம்மா. தோத்துட்டோம்."

மாசிலாமணி மூச்சிரைக்க வந்து நின்றார்.

எஸ்தர் பார்லிச் சக்கையைக் கோழிகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கரெண்டை வெட்டினாங்க, சரி. நாம எப்பத் தோத்தோம்?"

கருமலையில் வீட்டில் பீர் காய்ச்சத் தடை கிடையாது. எஸ்தர் காய்ச்சினாள். விற்பதில்லை. காப்பிப் பழம் பறித்து முடிகிற நாளன்று, பறித்தவர்களையெல்லாம் தன் முற்றத்துக்கு அழைத்து ஊற்றிக் கொடுப்பாள்.

மாசிலாமணி அவளைவிட இருபது வயது மூத்தவர். தோட்ட முதலாளி பொன்னுரங்கத்தின் கிளப்பில் வெகுகாலம் பீர் ஊற்றியவர். ஊற்றத் தெரிகிறது, உண்டாக்கத் தெரியவில்லையே என்று ஒருநாள் வேலையை உதறிவிட்டு அவள் வாசலில் வந்து நின்றார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அந்தக் கிளப்பின் படியில் பழம் பறிக்கிறவர்கள் கால் வைக்க முடியாது. அங்கே குடிப்பதையே அவர்கள் இங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது பொன்னுரங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எஸ்தர் வீட்டுக்கு மின்கம்பி அவர் தோட்டத்தின் வழியாகத்தான் வந்தது.

விருந்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"ஃப்ரிட்ஜுக்குள்ள மூணு பீப்பாய் நிக்குது. வெயில் மண்டையைப் பிளக்குது. எல்லாம் புளிச்சுப் போயிரும்."

"யார் சொன்னா?"

"கிளப்பில எல்லாருக்கும் தெரியும்."

"கிளப்பில பீர் காய்ச்சுறாங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"பீப்பாயைக் கழுவினது யாரு?"

"நான்தான்."

"எதை ஊத்தி?"

"கொதிக்கிற தண்ணி."

"மூடி?"

"இறுக்கமா இருக்கு."

"உள்ள காத்து போயிருக்குமா?"

"அதோட வாயுவே நிறைஞ்சு கிடக்கு. காத்து நுழைய இடமில்ல."

"அழுக்கு இல்ல, காத்து இல்ல. அப்புறம் எப்படி அண்ணே புளிக்கும்? முதலாளி முறைச்சாப் புளிக்குமா?"

அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

"ஐஸாவது வாங்கிட்டு வரேனே."

"ஐஸ் கடை யாரோடது?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் பொன்னுரங்கத்தினுடையதுதான்.

"கோழிக்குத் தண்ணி வைங்க. அப்புறம் சாக்கு எடுத்துட்டு வாங்க."

இருவருமாகப் பீப்பாய்களை வீட்டின் பின்புறம் உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நிழல் உண்டு. இரண்டு குன்றுகளின் இடைவெளியில் புகுந்து வரும் காற்றும் உண்டு. தகரத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்கு ஒன்றாகப் பீப்பாய்களை நிறுத்தினாள். நனைத்த சாக்கை ஒவ்வொன்றுக்கும் சுற்றி, அடிநுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டாள்.

"இப்ப?"

"காத்து வேலை பார்க்கும். சாக்கு காயாமப் பார்த்துக்கிறது உங்க வேலை."

பொழுது சாய்கிற நேரம் அவர் சாக்குக்குள் கையை விட்டார். சட்டென்று எடுத்தார். மறுபடி விட்டார்.

"ஐஸ் மாதிரி இல்ல."

"ஐஸ் மாதிரிதான் இருக்கணும்னு யார் சட்டம் போட்டா? எப்படி இருக்கு?"

"கிணத்துத் தண்ணி மாதிரி."

"கிணத்துத் தண்ணி குடிச்சு வளராதவங்க யாராவது நாளைக்கு வராங்களா?"

மறுநாள் கூட்டம் வந்தது. கையில் காப்பிக் கறையோடு வரிசையாக நின்றார்கள்.

மாசிலாமணி கிளப்பில் திறப்பதுபோல் குழாயை விசையாகத் திறந்தார்.

நுரை. வெறும் நுரை. டம்ளர் வழிந்து, சட்டை நனைந்து, தரையில் ஓடியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பார்த்தீங்களா அம்மா? ஃப்ரிட்ஜ் இல்லாம ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்."



எஸ்தர் பீப்பாயின் தலையில் இருந்த வளையத்தை இழுத்தாள். உஸ்ஸென்று வாயு வெளியேறியது. கொஞ்சம் பொறுத்தாள். பிறகு குட்டைக் குழாயைக் கழற்றிவிட்டு, மெல்லிய நீளக் குழாய் ஒன்றைச் சுருள் சுருளாக மாட்டினாள்.

"குளிர்ல வாயு பீருக்குள்ள அடங்கிக் கிடக்கும். குளிர் குறைஞ்சா அடங்காது, வெளிய வரத்தான் பார்க்கும்."

"அடக்க வேண்டாமா?"

"எதுக்கு அடக்கணும்? நீளக் குழாயில மெதுவா நடக்க இடம் கொடுங்க."

இந்த முறை அவர் மெதுவாகத் திறந்தார். தேன் நிறத்தில் இறங்கியது. மேலே இரண்டு விரல் நுரை நின்றது.

முதல் டம்ளர் வெள்ளைத்தாய்க்குப் போனது. மலைச்சரிவில் எல்லாருக்கும் முன்னால் ஏறுகிறவள். ஒரு வாய் குடித்தாள். வரிசை முழுவதும் அவள் முகத்தையே பார்த்தது.

"பார்லி வாசம் தெரியுது," என்றாள். "போன வருசம் பல்லுதான் கூசுச்சு. ஒண்ணும் தெரியல."

முற்றம் கலகலத்தது. மாசிலாமணியின் கை நிற்காமல் ஊற்றியது.

அப்போது ஜீப் வந்தது.

பொன்னுரங்கம் இறங்கினார். சிலர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பீப்பாயின் அருகில் வந்தார். ஈரச்சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான். இன்னிக்கே கரெண்ட் லைன் கொடுக்கச் சொல்றேன். இவங்களை மட்டும் வாசலுக்கு வெளிய நிறுத்திரு."

"காய்ச்சுறது நான்," என்றாள் எஸ்தர். "யாருக்கு ஊத்துறதுன்னு அண்ணனைக் கேளுங்க."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பீப்பாயின் சாக்கை நனைக்கப் போய்விட்டாள்.

பொன்னுரங்கத்துக்கு நிம்மதியாக இருந்தது. மாசிலாமணி பழகிய ஆள். கிளப்பில் முதலாளியின் கை நீளும் முன்பே டம்ளர் வந்துவிடும். வழக்கம்போல் கையை நீட்டினார்.

"மணி, ஒண்ணு ஊத்து."

மாசிலாமணியின் கை தானாகவே டம்ளரை எடுத்தது. தானாகவே நிரப்பியது.

அவர் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகுதான் தெரிந்தது.

காற்று அடித்தது. டம்ளரில் நுரை மெல்ல அடங்கியது.

அவர் டம்ளரை வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் கொடுத்தார்.

"கடைசி ஆள் பலாமரத்துக்கிட்ட நிக்கிறான் ஐயா. அவனுக்குப் பின்னால போய் நில்லுங்க."