இருபத்து மூன்று குறைகள்

ஆம்பூரில் தேசிங்கு என்றொருவர் இருந்தார். ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடம் தரம் பார்த்தவர். மேசைக்கு வரும் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தையல் விலகியிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பெயர்.

ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத ஆரம்பித்தார்.

டெலிகிராமில் ஒரு கதைக் குழு இருந்தது. நூற்றைம்பது பேர். ஞாயிறுதோறும் ஒருவர் தன் கதையைப் போடுவார். மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்வார்கள். குழுவை நடத்தியவர் மெஹருன்னிசா. முப்பத்தாறு வயது. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. பகலில் அதே ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. தேசிங்கு அவரைத் தன் ஆசிரியராக வைத்துக்கொண்டார். தன் மகளைவிடச் சின்னவர் என்பது அவருக்குப் பொருட்டாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து இசக்கியம்மாள் என்பவர் தன் முதல் கதையைப் போட்டார். வீட்டில் அப்பளம் போட்டு விற்பவர். கதையின் பெயர் ‘சாவி’. எட்டுப் பக்கம்.

சாயங்காலத்துக்குள் தேசிங்கு அதற்குக் கீழே எண் போட்டு இருபத்து மூன்று குறைகளை எழுதினார். மூன்றாவது: சாக்கடைச் சண்டைக்கு இரண்டு பக்கமா? ஒன்பதாவது: இரண்டாம் பக்கத்தில் வரும் ‘ஒங்கிட்ட’ என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. இருபத்து மூன்றாவது: எழுதுவதற்கு முன் நிறையப் படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் கதை அங்கே இல்லை. இசக்கியம்மாளும் குழுவில் இல்லை.

‘பாவம், முதல் கதை’ என்று ஒருவர் எழுதினார். ‘சார் சொன்னதில் என்ன தப்பு?’ என்று இன்னொருவர் கேட்டார். மத்தியானத்துக்குள் இருநூறு செய்திகள். தேசிங்கு ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒருத்தி எழுதுவதையே தன்னால் விட்டிருப்பாளோ என்ற நினைப்பு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஹருன்னிசா தலை நிமிராமல் கை நீட்டினார்.

“சீட்டு?”

“சீட்டு இல்ல மேடம். ஒண்ணு கேக்கணும்.”

“ஓரமா நில்லுங்க சார். கூட்டம் குறையட்டும்.”

பதினொன்றிலிருந்து பன்னிரண்டே கால் வரை நின்றார். கடைசி ஆளுக்கு மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டு மெஹருன்னிசா கூப்பிட்டார்.

“இப்ப சொல்லுங்க.”

“உண்மையைச் சொன்னா ஆள் போயிடறாங்க. சொல்லலன்னா கதை அப்படியே கிடக்குது. நான் என்னதான் பண்றது மேடம்?”

“உங்க கதையை ஆடி மாசம் போட்டீங்களே. என்ன சொன்னாங்க?”

தேசிங்கின் முகம் கறுத்தது. “நாப்பத்தொரு பேர் ‘அருமை’ போட்டாங்க. கைகூப்புற பொம்மை, பூங்கொத்து. ஒருத்தரும் படிக்கல.”

“படிக்கலன்னு எப்படித் தெரியும்?”

“நடுவுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு மேடம். மூணாம் பக்கத்துக்கு அப்புறம் நேரா அஞ்சாம் பக்கம். நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன். யாருமே கேக்கல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், நான் அப்படி இருக்க மாட்டேன்னு.”

மெஹருன்னிசா மருந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“இசக்கியம்மாள் கதையில கடைசியில சாவி என்ன ஆச்சு?”

தேசிங்கு வரிசை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்.”

“மூணாம் பக்கத்தோட நிறுத்திட்டேன்” என்றார். “அதுக்குள்ளயே இருபத்து மூணு வந்துடுச்சு.”

மெஹருன்னிசா போனை எடுத்து ஏதோ எழுதி அனுப்பினார். ஒரு கிழவர் வந்து இருமல் மருந்து வாங்கிப் போனார். பதில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஒரு மருந்துக் கவரின் பின்னால் இசக்கியம்மாளின் எண்ணை எழுதி நீட்டினார்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூப்பிட்டா எடுப்பாங்களாம். கதையைக் கேட்டு வாங்குங்க. அவங்களுக்கே முழுசாப் படிச்சுக் காட்டுங்க. நடுவுல கருத்து சொல்லக் கூடாது. முடிச்ச பிறகும் சொல்லக் கூடாது. அவங்களாக் கேட்டா மட்டும் சொல்லலாம்.”

“மன்னிப்புக் கேக்கறது?”

“அதுக்கு நான் மருந்து எழுதித் தர முடியாது சார். நீங்களே பாத்துக்குங்க.”

மறுநாள் பத்து மணிக்குத் தேசிங்கு கூப்பிட்டார். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

“வணக்கம்மா. நான் தேசிங்கு. ஆம்பூர்லேந்து.”

அந்தப் பக்கம் அப்பளக் குழவி உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

“யாரு, இருபத்து மூணு சாரா?”

“ஆமாம்மா.”

“சொல்லுங்க. இருபத்து நாலாவது எதுவும் விட்டுப்போச்சா?”

தாளில் எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. தேசிங்கு தாளை மடித்து வைத்தார்.

“மூணு பக்கம்தான் படிச்சேம்மா. முழுசாப் படிக்காமலே எழுதிட்டேன். தப்பு என்னுது.”

குழவிச் சத்தம் நின்றது.

“அப்பம் கடைசி என்னன்னு தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“கடைசி தெரியாமலா என்னைய நெறையப் படிக்கச் சொன்னீய?”

“ஆமாம்மா.”

குழவி மறுபடி உருண்டது. தேசிங்குதான் தொடங்கினார்.

“அந்தக் கதையை அனுப்புவீங்களா? உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்.”

“எனக்கா? நாந்தானே எழுதுனேன்.”

“மேடம் சொன்னாங்க.”

“அவுக சொன்னா சரி.”

ஐந்து நிமிடத்தில் கதை வந்தது. தேசிங்கு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

எதிரெதிர் வீட்டில் இரண்டு பெண்கள். சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் தேங்குவது என்று சண்டை. அதோடு ஆறு வருடம் பேச்சில்லை. முன்பு அவர் இரண்டு பக்கமா என்று கேட்ட சண்டை அது. இப்போது வாய்விட்டுப் படிக்கும்போது ஒருத்தி சொல்கிறாள்: “ஒன் வீட்டு ரசத்துக்கு இந்தத் தண்ணி எவ்வளவோ தெளிவு.” தேசிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பக்கம் குழவி மறுபடியும் நின்றிருந்தது. இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

முனிசிபாலிட்டிக்காரர் ஒருவர் வந்து சாக்கடையை அளக்கிறார். அது ஒரு பக்கம். தேசிங்கின் குரல் இறங்கியது, ஆனால் ஒரு வரியும் விடாமல் படித்தார்.

அப்புறம் அவர் படிக்காத பக்கங்கள் வந்தன. இருவரில் ஒருத்திக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாகர்கோவில் போக வேண்டும். ஒண்டிக்கட்டை. புறப்படும் அன்று வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் நிற்கிறாள். உறவுக்காரி வீடு நாலு வீடு தள்ளி இருக்கிறது. அங்கே போகவில்லை. நேரே எதிர்வீட்டுக்கு வந்து, சண்டைக்காரியின் கையில் சாவியை வைத்து, “செம்பருத்திக்குத் தண்ணி” என்கிறாள். வேறு ஒரு பேச்சும் இல்லை.

நாற்பது நாள் கழித்துத் திரும்பி வருகிறாள். பாதியாக இளைத்திருக்கிறாள். செம்பருத்தி பூத்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரி சாவியை நீட்டுகிறாள். வந்தவள் கதவை மட்டும் திறந்துவிட்டு, சாவியை மறுபடியும் அவள் கையிலேயே வைக்கிறாள். உள்ளே போகும்போது திரும்பாமல் ஒரு வார்த்தை சொல்கிறாள்.

தேசிங்கு அந்த வரிக்கு வந்து நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். வரவில்லை.

“படிங்க சார்.”

“இருங்கம்மா.”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். உட்கார்ந்து படித்தார்.

“ஒங்கிட்டயே கெடக்கட்டும்.”

கதை முடிந்தது. தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள்.

“ஒங்கிட்டன்னு ஒரு சொல்லு தமிழ்ல கெடையாதுன்னு போட்டிருந்தீயளே” என்றார் இசக்கியம்மாள்.

“இருக்கும்மா.”

“முனிசிபாலிட்டி ஆளு வார எடத்துல ஒங்க கொரலு எறங்கிப் போச்சே. அது இழுக்கோ?”

கேட்டால் சொல்லலாம் என்று மேடம் சொல்லியிருந்தது தேசிங்குக்கு நினைவு வந்தது.

“இழுக்குதும்மா. அரைப் பக்கம் போதும்.”

“நானும் நெனச்சேன். அந்தாளு மேல எனக்கு நெசமாவே கோவம் பாத்துக்கிடுங்க. அதான் நீண்டுட்டு.”

தேசிங்கு, மூன்று நாளாக மனதில் கிடந்ததைச் சொன்னார்.

“எழுதறதை விட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

“விடுததா? திங்கக்கெழம முழுக்க அழுதேன், இல்லன்னு சொல்லல. மக்யா நாளு ஒங்க பட்டியல ஒரு தாள்ல எழுதி, அப்பள மாவு பெசையிற எடத்துல ஒட்டி வச்சேன். கையி பாட்டுக்கு பெசையும், கண்ணு பாட்டுக்கு பாக்கும். பதினாலு சரி, திருத்திட்டேன். ஒம்பது சரியில்ல, திருத்த மாட்டேன். இப்பம் நீங்க படிச்சது திருத்துனதுதான்.”

“எந்த ஒம்பதும்மா?”

“கடைசிய படிச்சிட்டீயள்லா. இப்பம் ஒங்களுக்கே தெரியும்.”

தேசிங்கு யோசித்தார். தெரிந்தது.

“ரெண்டாவது கதையும் பாதியில நிக்கி” என்றார் இசக்கியம்மாள். “அதுல ஒருத்தரு வாராரு. எதையெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கிற மனுசன்.”

“நல்லவரா, கெட்டவரா?”

“இன்னும் முடிவு பண்ணல. நேத்து வரைக்கும் கெட்டவரு.”

தேசிங்கு சத்தமாகச் சிரித்தார். அந்தப் பக்கமும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு, மனைவியிடம் போய்ப் பசிக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. தேசிங்கு ஜன்னலருகே நின்று நடந்ததெல்லாம் சொன்னார். எங்கே சிரித்தார், எங்கே நின்றுபோனார், எல்லாம் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை மறுபடியும் போடறாங்களாம் மேடம்.”

“எனக்கும் எழுதியிருந்தாங்க” என்றார் மெஹருன்னிசா. அவர் முகமும் தெளிந்திருந்தது. “அந்தம்மா போனதிலேருந்து எனக்கும் நிம்மதி இல்ல சார். இப்பத்தான் மூச்சு வருது.”

“நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்” என்றார் தேசிங்கு. “இனிமே யார் கதையிலயும் குறை சொல்ல மாட்டேன். நல்லது இருந்தா சொல்லுவேன். இல்லன்னா வாயே திறக்க மாட்டேன். இந்த வயசுல எனக்கு எதுக்கு மேடம் இது?”

மெஹருன்னிசா கீழே குனிந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியாக நகர்த்தினார். பதினோரு பக்கம். நிறைய இடத்தில் அடித்து எழுதியிருந்தது.

“என்ன மேடம் இது?”

“என் புதுக் கதை. நாலு மாசமா முடியல. எங்கயோ தப்பா இருக்கு, எங்கன்னு எனக்குத் தெரியல. குழுவுல போட்டா அரை மணி நேரத்துல எல்லாரும் அருமைன்னு சொல்லிடுவாங்க.”

தேசிங்கு காகிதத்தைத் தொடாமல் நின்றார்.

“நீங்களும் வாயே திறக்கலன்னா,” என்றார் மெஹருன்னிசா, “நான் யார்கிட்ட சார் போறது?”