டியருக்குப் பிறகு

கரூரில் வையாபுரி என்றொருவர் துண்டும் போர்வையும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வெகு காலமாகச் சரக்கு வாங்கிய பையர் ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான். அந்தக் கம்பெனி ஒருநாள் மூடிக்கொண்டது. இங்கே தறிகள் நின்றன.

முகம் தெரியாதவர்களுக்கு எழுதிப் பழக்கமில்லாத மனுஷன், ஐம்பது தாண்டிய வயதில் நசீமாவைத் தேடிப் போனார். நசீமா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் வியாபார ஆங்கிலம் சொல்லித் தருகிறவர். வையாபுரியைவிட இளையவர். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

"டீச்சர், முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு மெயில் போடறப்ப என்னன்னு கூப்பிட்டு ஆரம்பிக்கோணுமுங்க?"

"இதுவரைக்கும் எப்படி ஆரம்பிச்சீங்க?"

"மொதல்ல டியர் சார். பதிலே இல்லீங்க. பையன் சொன்னான்னு ஹாய் போட்டேன். அப்பறம் ரெஸ்பெக்டட் சார். இப்ப பேரையே போட்டு டியர் ஹென்ரிக்குனு எழுதறேன். எவனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்."

"ஹென்ரிக் யாரு?"

"டென்மார்க்காருங்க. கூட்டாளி ஒருத்தன் கண்காட்சில வாங்குன விசிட்டிங் கார்டெல்லாம் எனக்குக் குடுத்தான். அதுல ஒண்ணு."

"அவரைப் பத்தி வேற என்ன தெரியும்?"

"துண்டு வாங்குவாருன்னு தெரியுமுங்க."

நசீமா எழுந்தார். "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

வையாபுரிக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரே ஒரு வார்த்தைக்காக இத்தனை படியேறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாரே.

வீட்டுக்குப் போனால், பழைய இரும்புக்காரர் தறிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தறி ஓட்டும் ராசம்மா பையும் கையுமாக வந்து நின்றாள்.

"அண்ணா, நாங்க திருப்பூருக்கே போயிடறோமுங்க."

வையாபுரி நின்றுபோன தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கார்டுகளில் இருந்த அத்தனை பேருக்கும் இன்னொரு முறை மெயில் அனுப்பினார். 'நீங்கள் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்று யாரோ சொல்லிக்கொடுத்த வரியையும் எப்போதும்போல் சேர்த்தார்.

மறுநாள் மதியம் ஒரு பதில் வந்தது. ஹென்ரிக்கின் முகவரியிலிருந்து. அதை முழுசாகப் படிக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. ஓடினார்.

"வந்துருச்சுங்க டீச்சர்!"

நசீமா அவர் ஃபோனை வாங்கிப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"ஹென்ரிக் இப்போது இல்லை. குளிர்காலத்தில் இறந்துவிட்டார். கடையை மூடிவிட்டோம். அவர் பெயருக்கு வருவதையெல்லாம் நான்தான் திறந்து பார்க்கிறேன். அவர் சுகமாக இருப்பார் என்று நம்புவதாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இப்படிக்கு, அவர் மனைவி இங்க்ரிட்."

வையாபுரி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செத்துப்போன மனுஷனக் கூப்பிட்டுக் கூப்பிட்டு துண்டு விக்கப் பாத்திருக்கறேனுங்க."

நசீமா தன் கம்ப்யூட்டர் கீபோர்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"அந்தம்மாவுக்கு எழுதுங்க."

"அவங்க ஒண்ணும் வாங்கப் போறதில்லைங்களே?"

"இல்லை."

வையாபுரி 'டியர்' என்று தட்டினார். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"மேடமுங்களா, பேருங்களா?"

"அவங்க வீட்டு முன்னாடி போய் நிக்கறீங்க. என்ன சொல்வீங்க?"

"எழவு வீட்ல யாருங்க வணக்கம் சொல்வாங்க? வாங்கன்னு அவங்களும் கூப்பிட மாட்டாங்க, போயிட்டு வர்றேன்னு நாமளும் சொல்ல மாட்டோம். கையப் புடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம். அவ்வளவுதானுங்க."

சொல்லிவிட்டு, அவராகவே 'டியர்' என்பதை அழித்தார். எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார்.

'தெரியாமல் எழுதிவிட்டேன். என் அண்ணன் போன பிறகு அவர் ஃபோனை அண்ணிதான் எடுப்பார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வார். உங்களையும் அப்படிச் சொல்ல வைத்துவிட்டேன். மன்னியுங்கள்.'

கீழே தன் பெயரை மட்டும் வைத்து, கம்பெனி பெயரை எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. நசீமா ஒன்றையும் திருத்தாமல் அனுப்பினார்.

அதற்குப் பதில் வரவில்லை. ராசம்மா போய்விட்டாள். இரும்புக்காரர் வண்டி கொண்டுவந்து தறிகளை ஏற்றிப்போனார். ஓரமாக இரண்டு மட்டும் மிஞ்சின.

வையாபுரி மறுபடி மாடியேறினார். மேசைமேல் இன்னொரு கார்டை வைத்தார். அதன் ஓரமெல்லாம் மஞ்சளேறிக் கிடந்தது.

"இன்னம் ரெண்டு தறி இருக்குதுங்க டீச்சர். அதுவும் இந்த மாசம் தாண்டாது. இவருக்காவது என்ன போட்டு ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க."

நசீமா கார்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல, ஆள் இருக்காரான்னு பாருங்கண்ணா."